அப்பாவுக்குத் தெரிய வேண்டாமா?



ஊழியத்துக்கு வந்த நாள் முதல் ஒரு வேண்டுகோளை அடிக்கடி கேட்கிறேன். செஞ்சி டவுனிலும் சரி, சுற்றுக் கிராமங்களிலும் சரி, ஸ்கேன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்னை வாசலிலேயே நிறுத்துவார்கள். "பாஸ்டர் ஐயா, அப்பாவுக்கு நுரையீரல்ல கேன்சராம். ஆரம்பம்தான்னு சொல்றாங்க. அவருக்குத் தெரியாது, சளிக்கட்டின்னு சொல்லி வெச்சிருக்கோம். நீங்களும் அப்படியே ஜெபம் பண்ணிடுங்க."

அன்பினால்தான் கேட்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் தேவனுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதைச் சரீரத்தில் சுமக்கிறவருக்குத் தெரியாது. அவர் தலைமேல் கை வைத்து, வியாதிக்குப் பொய்ப் பெயர் சொல்லி ஜெபிக்க என்னால் ஆகாது.

முற்றிப்போன வியாதி என்றால், "இனிமே சொல்லி என்ன ஆகப் போகுது ஐயா" என்று வாதாடலாம். ஆரம்ப நிலையில் அந்த வாதம் நிற்காது. அங்கே வழிகள் பல உண்டு, ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நமக்கு வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. கட்டி ஒரு மடலுக்குள் அடங்கியிருந்தால் அந்த மடலையே எடுத்துவிடுவதுதான் பல காலமாக நடக்கும் வைத்தியம். கூடவே நெறிக்கட்டிகளையும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் ஓரமாக இருந்தால் மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தாலும் போதும் என்று ஜப்பான் டாக்டர்கள் 2022-ல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. ஆபரேஷனுக்கு முன் குழாயில் ஊதச் சொல்லி மூச்சைச் சோதிப்பார்கள். ராஜகிரிக் கோட்டைப் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிற நெஞ்சாக இருந்தால் கத்தி வைக்க யோசிப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டியை மட்டும் குறிவைத்து, சில தடவைகளில் முடிகிற கதிர்வீச்சு உண்டு. நம்ம ஜனங்கள் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். அதில் அறுவை இல்லை. ஆனால் நெறிக்கட்டியை எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. ஆபரேஷனுக்குப் பிறகும் ரிப்போர்ட்டைப் பொறுத்து சிலருக்கு மருந்து ஏற்றுவார்கள், சிலருக்கு மாத்திரை.

எவ்வளவு மூச்சை இழக்கலாம், எவ்வளவு பயத்தைத் தாங்கலாம் என்பதை மூத்த மகன் எப்படித் தீர்மானிப்பான்? வயலுக்குப் போகிற கால் அவனுடையதா? ஆபரேஷன் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அப்பாதானே! அடையாறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் வாசல் போர்டிலேயே கேன்சர் என்று எழுதியிருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அந்த வியாதிக்காகவே 1954-ல் தொடங்கிய இடம் அது. போர்டைப் படிக்கிற அப்பாவிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்?

எசேக்கியா ராஜாவை நினைத்துப் பாருங்கள். அவன் வியாதியாய்க் கிடந்தபோது ஏசாயா தீர்க்கதரிசி சுற்றி வளைக்கவில்லை. பிழைக்கமாட்டாய், உன் வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்து என்ற செய்தியை நேராகச் சொன்னார். அதன் பிறகுதான் ராஜா சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுது ஜெபித்தான். பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அத்திப்பழ அடையும் பிளவையின்மேல் பூசப்பட்டது. ஏசாயா மறைத்திருந்தால் அந்தக் கண்ணீர் ஏது?

இங்கே சில விசுவாசிகள் ஆசா ராஜாவைக் கொண்டுவருவார்கள், பரிகாரிகளிடம் போனான் என்று. கர்த்தரைத் தேடாமல் போனதுதான் அங்கே குற்றம். அற்புதத்தை நானும் நம்புகிறேன். ஆனால், "மூணு மாசம் உபவாசம் இருந்துட்டு அப்புறம் பார்க்கலாம்" என்று அடுத்தவர் நுரையீரலை வைத்து நாம் தவணை சொல்லக் கூடாது. கட்டி மடலைத் தாண்டிவிட்டால் மேலே சொன்ன வழிகளில் பல அடைபட்டுப் போகும்.

1933-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற டாக்டர், கேன்சருக்காக ஒருவருடைய இடது நுரையீரலை முழுவதுமாக எடுத்தார். அந்த நோயாளியும் ஒரு டாக்டர்தான், எல்லாம் தெரிந்தவர். ஆபரேஷனுக்கு முன் ஊருக்குப் போய்ப் பல்லை அடைத்துக்கொண்டார், கல்லறைக்கு நிலமும் வாங்கினார் என்று சொல்வார்கள். சாவுக்கும் ஆயத்தம், பிழைப்புக்கும் ஆயத்தம்! அவர் இன்னும் முப்பது வருஷம் இருந்தார். சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த கிரஹாமோ 1957-ல் அதே நுரையீரல் கேன்சரில் மரித்தார்.

சில பெரியவர்கள், "எனக்கு ஒண்ணும் சொல்லாதீங்க, நீங்களே பார்த்துக்குங்க" என்பார்கள். அதுவும் அவர்கள் உரிமை, ஆனால் அதை அவர்கள் வாயால் கேட்க வேண்டும். ஆகவே வீட்டாரிடம் நான் சொல்லுவது இதுதான்: ரிப்போர்ட் வந்த அன்றே எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். சாப்பிட்டு முடித்துப் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, டாக்டர் சொன்னதை உங்ககிட்ட முழுசா சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். தலையாட்டினால் சொல்லுங்கள். அழுதால் அழட்டும். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடுங்கள், ராத்திரி ஆனாலும் வருகிறேன்.