பதவிக்கால எல்லையும் வாக்காளர் உரிமையும்

ஒருவனைச் சட்டசபைக்கு அனுப்பும் உரிமை மக்களுக்கு உண்டெனின், அவனையே மீண்டும் மீண்டும் அனுப்பும் உரிமையும் அவர்களுக்கு உண்டென்று கருதுதல் இயல்பே. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் பலவற்றில் இவ்விரண்டாவது உரிமையை மக்கள் தம் வாக்கினாலேயே கைவிட்டுள்ளனர். 1990 செப்ரெம்பரில் ஒக்லகோமாவும், அதே ஆண்டு நவம்பரிற் கொலராடோவும் கலிபோர்ணியாவும், தத்தம் மாநில சட்டசபை உறுப்பினர் எத்தனை ஆண்டு பதவி வகிக்கலாம் என்பதற்குச் சர்வசன வாக்கினால் எல்லை வகுத்தன. அடுத்த பத்தாண்டுக்குள் இவ்வழியிற் சென்ற மாநிலங்கள் இருபதுக்கு மேற்பட்டன. சிலவற்றில் நீதிமன்றங்கள் அவ்விதி செல்லாதென்றன. ஐடகோவிலும் யூற்றாவிலும் சட்டசபைகளே அதனை நீக்கின. (கடிவாளத்தைக் கழற்றும் வாய்ப்பு குதிரைக்கே கிடைத்தால் வேறென்ன நிகழும்?) 2022 இல் வட டக்கோட்டாவும் சேர்ந்தபின் 16 மாநிலங்களில் அது நடைமுறையிலுள்ளது.

பதவியைச் சுழலவிடுதல் புதிய கருத்தன்று. பண்டைய ஏதென்சின் ஐந்நூற்றுவர் அவையில் ஒரு குடிமகன் தன் வாழ்நாளில் இருமுறைக்கு மேல் அமர்தல் இயலாதென அரிஸ்தோத்தில் பெயரால் வழங்கும் நூல் கூறும். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, முந்திய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவரைக் குடவோலைக்குத் தகுதியற்றவராக்கிற்று. இவற்றை இக்கால விதிக்கு முன்னோடிகளெனக் காட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவ்விரு இடங்களிலும் ஆளைத் தெரிந்தது சீட்டு. சீட்டுக்கு விருப்பு வெறுப்பில்லை. ஒருவனை விலக்கிவைப்பதால் எவருடைய தெரிவும் மறுக்கப்படுவதில்லை. தேர்தலிலோ, ஒருவன் விலக்கப்படும்போது அவனை விரும்பும் ஆயிரக்கணக்கானோரின் தெரிவும் உடன் மறுக்கப்படுகின்றது. ஆதலின் இவ்விதி நீதியானதா என ஆராய்வோர், பதவியிழப்பவனிலும் பார்க்க அவனுக்கு வாக்களிக்க இருந்தவர்களையே முதலில் நோக்குதல் வேண்டும்.

கலிபோர்ணியாவின் அனுபவம் இதனைத் தெளிவாக்கும். அங்கு நிறைவேறிய 140 ஆம் இலக்கப் பிரேரணை, கீழ்ச்சபையினர்க்கு ஈராண்டுத் தவணை மூன்றும், செனற் சபையினர்க்கு நான்காண்டுத் தவணை இரண்டும் என வரையறுத்தது. அதன்பின் அச்சபைக்குத் திரும்புதல் வாழ்நாள் முழுவதும் இல்லை. வாக்களித்தோரில் நூற்றுக்கு 52 பேர் அதனை ஆதரித்தனர். பிரசாரத்தின் இலக்காக நின்றவர் கீழ்ச்சபைச் சபாநாயகர் வில்லி பிரவுண். 1964 இற் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து முதன்முறை தெரிவான அவர், 1980 இல் சபாநாயகரானார். அப்பதவியை அங்கு வகித்த முதற் கறுப்பினத்தவரும் அவரே. குழுக்களுக்குத் தலைவர்களை நியமித்தும், தேர்தல் நிதியைத் திரட்டித் தம் கட்சியினர்க்குப் பங்கிட்டும், எச்சட்டம் பிழைக்கும் எது மடியும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவராக அவர் விளங்கினார். அவர் தொகுதி மக்கள் அவரைத் தவறாது தெரிந்தனுப்பினர். மாநிலத்தின் ஏனைய மக்களுக்கு அவருக்கெதிராக வாக்களிக்க வழியிருக்கவில்லை. பிரேரணை அவ்வழியைத் திறந்தது. தம் பிரதிநிதி நல்லவர், சபைதான் கெட்டது என்று நினைப்பது வாக்காளர் வழக்கம். அயற்றொகுதியாரின் பிரதிநிதியை வீட்டுக்கு அனுப்ப ஒவ்வொரு தொகுதியும் கண்ட உபாயமே பதவிக்கால எல்லை எனின் மிகையாகாது.

இதனை வெறும் பொறாமையென ஒதுக்கிவிடவும் இயலாது. ஒரு தொகுதி அனுப்பிய மனிதர் மாநிலம் முழுவதையும் ஆளும்போது, அவர் நீடித்திருத்தல் அத்தொகுதியின் சொந்த விடயமாக இராது. மேலும், பதவி மூப்பினால் அதிகாரம் வளரும் சபையிலே தன் பழைய உறுப்பினரை மாற்றும் தொகுதி, மாற்றாத தொகுதிகளுக்கு முன் மெலிந்துபோகும். எனவே மாற்றத்தை விரும்பும் தொகுதியும் முதலில் மாற்ற அஞ்சும். எல்லோர்க்கும் ஒரே வேளையில் எல்லை விதிப்பதால் அவ்வச்சம் நீங்குகின்றது. எல்லைக்கு ஆதரவான வாதங்களுள் வலியது இதுவே. ஆனால், இவ்வாதம் உண்மையில் நியாயப்படுத்துவது சபாநாயகரதும் குழுத் தலைவர்களதும் பதவிக்கு எல்லையிடுவதையே. சாதாரண உறுப்பினனின் ஆசனத்தை அது தொடுவதில்லை. நோய் ஒரிடத்திருக்க மருந்து உடல் முழுவதும் பூசப்பட்டது.

இனி, மீண்டும் போட்டியிட முடியாதவன் யாருக்குப் பொறுப்புடையவன்? 1774 இல் எட்மண்ட் பேர்க் தம் பிறிஸ்ரல் வாக்காளரிடம், பிரதிநிதி கடன்பட்டிருப்பது தன் சொந்த மதியை அவர்களுக்காகப் பயன்படுத்தவேயன்றி அவர்தம் ஏவலை நிறைவேற்ற அன்று என்னும் கருத்தை எடுத்துரைத்தார்; 1780 இல் அத்தொகுதியை இழந்தார். வாக்காளரைப் பற்றிய அச்சம் நீங்கினாற் பிரதிநிதி மனச்சாட்சிப்படி ஒழுகுவான் என்பது எல்லையை ஆதரிப்போருள் ஒரு சாராரின் நம்பிக்கை. மாநில சட்டசபைகளை ஆராய்ந்த கேரி, நீமி, பவல் ஆகியோர், எல்லைக்குட்பட்ட உறுப்பினர் தம் தொகுதியில் முன்போல ஊன்றிநிற்பதில்லை எனக் கண்டு, அம்மாற்றத்துக்குப் பேர்க்கின் பெயரையே இட்டனர். எனினும், தொகுதியை விட்ட கண் மனச்சாட்சியையே நாடும் என்பதற்கு உறுதியில்லை. அது அடுத்த பதவியையும் நாடலாம். பிரவுண் தாமும் 1996 இற் சான்பிரான்சிஸ்கோ நகர மேயரானார். அவ்வாய்வாளர் கண்ட மற்றொன்று, சபையிலிருந்து நழுவிய அதிகாரம் ஆளுநரின் பக்கம் சென்றமை. வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ளும் வேளையில் வெளியேற வேண்டிய உறுப்பினன், நெடுங்காலம் அங்கேயே இருக்கும் உத்தியோகத்தரையும், நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சம்பளங் கொடுத்து அனுப்பும் முகவரையும் கேட்டறிய நேர்கின்றது. அவர்களை எவரும் தெரிந்தனுப்பவுமில்லை; அவர்களுக்கு எல்லையுமில்லை.

வாழ்நாள் தடையை எதிர்த்துக் கீழ்ச்சபை உறுப்பினர் ரொம் பேற்ஸ் கூட்டாட்சி நீதிமன்றம் சென்றார். கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோதிலும், 1997 இன் இறுதியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் விதியை நிலைநிறுத்தியது. பின்னர் 2012 இற் கலிபோர்ணிய மக்களும், 2022 இல் மிச்சிகன் மக்களும் தம் விதியைத் திருத்தினர். இரு சபைகளிலும் மொத்தம் 12 ஆண்டு. அதனை ஒரே சபையிலும் கழிக்கலாம். தொழிலைக் கற்க இது போதிய காலமே. பதின்மூன்றாம் ஆண்டிலும் அவரையே வேண்டும் தொகுதியார்க்கு மட்டும், 1990 இல் மறுக்கப்பட்டது இன்றும் மறுக்கப்பட்டே உள்ளது.