பாட்டும் கணக்கும்

ப்ளூஸ் பாட்டின் வரலாறு தெரிய எதைப் படிக்கலாம் என்று தோழர்கள் கேட்கிறார்கள். புத்தகப் பேர் சொல்றது லேசு. அதுக்கு முன்னால ஒரு கேள்வி இருக்கு: அடுத்தவர் அழுகையை நாம ரசிக்கலாமா?

2012 செப்டம்பர் 5-இல் சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். அன்னைக்கு எழுந்த ஒப்பாரியைக் கேட்டு, 'ஆகா, என்ன ராகம்' என்று ஒருத்தன் சொல்லியிருந்தால் நமக்குப் பொறுக்குமா? பொறுக்காது. அதே அழுகை கடல் கடந்து, பழைய ரெக்கார்டில் வந்தால் மட்டும் தலையாட்டுகிறோம். தூரம்தான் நம்மைக் கூச்சமில்லாமல் ரசிக்க வைக்கிறது.

அமெரிக்காவில் 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. மிசிசிப்பி டெல்டாவின் பருத்திக்காட்டில் கறுப்பர்கள் வாரத்துக்கு உழுதார்கள். வெள்ளாமை முடிஞ்சு கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கடன்தான் மிஞ்சும். கணக்கு நோட்டு நிலக்காரன் கையில். அந்த மண்ணில் வளர்ந்த பாட்டு அது. விருதுநகர்க் கரிசலும் பருத்தி மண்தான். தீப்பெட்டியாபீசு முன்பணமும் நமக்குத் தெரிஞ்ச கணக்குதான்.

அந்தக் கணக்கைக் கேட்கிற புத்தகங்களையே நான் சொல்வேன். பால் ஆலிவர் வெள்ளையர், ஆங்கிலேயர். 1960-இல் வந்த 'ப்ளூஸ் ஃபெல் திஸ் மார்னிங்' நூலில் ரெக்கார்டுப் பாட்டுகளை வைத்தே வேலை, சிறை, வெள்ளம், நோய் என்று பாடியவர்களின் வாழ்க்கையைத் தேடிப் போனார். வெளியாளும் காதுகொடுத்துக் கேட்க முடியும் என்பதற்கு அது சாட்சி. லீராய் ஜோன்ஸ் (பின்னாளில் அமிரி பராக்கா) கறுப்பர். 1963-இல் அவர் எழுதிய 'ப்ளூஸ் பீப்பிள்', அடிமை குடிமகனாகிற சரித்திரத்தைப் பாட்டு வழியாகவே வாசிக்கிறது.

ஏஞ்சலா டேவிஸ் 1998-இல் எழுதிய 'ப்ளூஸ் லெகசீஸ் அண்ட் பிளாக் ஃபெமினிசம்' மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித், பில்லி ஹாலிடே ஆகியோரைப் பற்றியது. அடிக்கிற புருஷன், அவனை விட்டுப்போற துணிச்சல், ஆசை, நக்கல் எல்லாம் அந்தப் பாட்டில் இருக்கு. அழுகையை மட்டும் கேட்டவன் பாதியைத்தான் கேட்டிருக்கிறான்.

இவற்றோடு பாமாவின் 'சங்கதி'யையும் (1994) வைக்கிறேன். விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டிக்காரர் அவர். தீப்பெட்டியாபீசுக்குப் போற சின்னப்புள்ள மைக்கண்ணி அதில் வருகிறாள். பொம்பளைகளோட சண்டை, சிரிப்பு, சட்டுனு கட்டிப் பாடுற பாட்டு எல்லாம் வருது. ப்ளூஸ் வரலாற்றுப் பட்டியலில் இதை யாரும் சேர்க்கமாட்டார்கள். நான் இதைத்தான் முதல்ல படிக்கச் சொல்வேன். பக்கத்துத் தெரு அழுகைக்குக் கணக்குக் கேட்டவனுக்கு மிசிசிப்பி தூரமில்லை.