வேண்டாம் என்னும் விடை

விலையின்றி ஒருவர் ஒரு பொருளைத் தரும்போது, அதனை ஏற்பதா மறுப்பதா என்று ஆராய்வது வீண்வேலை என்றே பலரும் கருதுவர். காசு கொடுக்கவில்லையே, பெற்றுக்கொண்டால் என்ன இழப்பு என்பர். இவ்வினா எளிய வினாவன்று. இதனை விளக்கப் பழைய கணிப்பொறிகளின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். கணிப்பொறியைத் தொட்டறியாத தாய்மார்களும் இதனைப் புரிந்துகொள்ளலாம்.

கணிப்பொறியை இயக்கி, திரையில் அதற்கு ஒரு முகத்தைத் தரும் அடிப்படை நிரலை இயக்கமுறைமை என்கிறோம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 95 என்னும் இயக்கமுறைமை 24-8-1995 அன்று வெளிவந்தது. குறைந்தது 4 மெகாபைட் நினைவகம் இருந்தால் அது இயங்கும். 8 இருப்பது நன்று என்றனர். இன்றைய கைப்பேசிகளோடு ஒப்பிட்டால் இது கடலின்முன் ஒரு கைப்பிடி நீர். 1997-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் இணையப் பக்கங்களைக் காண்பதற்கான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4.0 என்னும் நிரலை விலையின்றி வழங்கியது. அதனுடன் விண்டோஸ் டெஸ்க்டாப் அப்டேட் என்றொரு கூடுதற் பகுதியும் வந்தது. இணையம் காண்பதற்கு அப்பகுதி இன்றியமையாததன்று; கணிப்பொறியின் முகத்தோற்றத்தையே அது மாற்றியமைப்பது. நிறுவும் வேளையில், "இது வேண்டுமா, வேண்டாமா?" என்று திரை கேட்டது. இரண்டில் எதனையும் கூறலாம்.

ஏற்றவர்க்குக் கிடைத்த வசதிகள் பல. அடிக்கடி பயன்படும் நிரல்களை ஒரே தட்டில் திறக்கத் திரையின் அடியில் குவிக் லாஞ்ச் என்னும் சிறு வரிசை அமைந்தது. கோப்புறைச் சாளரங்களில் முன்னும் பின்னும் செல்லும் பொத்தான்கள் வந்தன. ஸ்டார்ட் மெனுவில் உள்ளவற்றை இழுத்து நமக்கேற்ப வரிசைப்படுத்தலாம். விரும்பினால், இருமுறை தட்டுவதற்கு மாறாக ஒருமுறை தட்டியே கோப்புகளைத் திறக்கலாம். ஆக்டிவ் டெஸ்க்டாப் என்னும் ஏற்பாட்டினால் திரையின் பின்புலத்திலேயே இணையப் பக்கத்தைப் பதிக்கலாம். சேனல் பார் என்றொரு பட்டையும் உண்டு. அதில் பல நிறுவனங்களின் பெயர்கள் நிரல்பட நின்றன. வீட்டுக்காரர் அழையாத விருந்தினர் திண்ணையில் அமர்ந்திருந்தது போன்ற நிலை அது.

இவற்றுக்கு விலை இல்லாமலில்லை. நினைவகம் குறைந்த பொறிகள் இச்சுமையால் மெதுவாயின. மற்றொன்றும் கருதத்தக்கது. ஆக்டிவ் டெஸ்க்டாப்பை அணைத்துவிட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று சிலர் எண்ணினர். அணைத்தாலும் புதிய பகுதி உள்ளே இருக்கவே செய்யும். கதவைச் சாத்திவிட்டதனால் அறை வீட்டில் இல்லாமற் போய்விடுமா?

நாம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், வினாக் கேட்கும் முறையினை மாணவ ஆசிரியர்களுக்கு ஒரு தனிப்பாடமாகவே நடத்துவோம். விடையை முன்னரே முடிவுசெய்துகொண்டு கேட்பது வினாவாகாது என்போம். நேர்மையான வினாவுக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. கேட்கப்படுபவர் மறுத்துக் கூறவும் இடமிருத்தல் வேண்டும். எந்த விடையால் என்ன விளையும் என்பது அவருக்கு விளங்குதல் வேண்டும். கூறிய விடையைப் பின்னர் மாற்றிக்கொள்ளவும் வழி வேண்டும்.

1997-இன் அந்த வினாவை இம்மூன்றையும் கொண்டு அளந்து பார்ப்போம். மறுக்க இடமிருந்தது. மாற்றிக்கொள்ளவும் வழியிருந்தது, கண்ட்ரோல் பேனல் வழியாகச் சென்று, இணையம் காணும் நிரலை வைத்துக்கொண்டு புதிய முகத்தை மட்டும் நீக்கிவிடலாம். இரண்டாம் இலக்கணத்தில்தான் குறை. தம் பொறி எவ்வளவு சுமை தாங்கும் என்பதை அறியாமலே பலர் தலையசைத்தனர். குறை இருப்பினும் அது ஒரு வினாவே.

அடுத்து வந்தது விண்டோஸ் 98; வெளிவந்த நாள் 25-6-1998. முன்பு விருப்பமாயிருந்த அந்தப் புதிய முகம் இதில் உடன்பிறந்த உறுப்பாகிவிட்டது. வேண்டுமா என்று எவரையும் கேட்கவில்லை. நீக்கும் பட்டியலிலிருந்தும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எடுக்கப்பட்டது. விரும்பாத சிலர் 98லைட் என்னும் வெளியார் நிரலைக் கொண்டு, விண்டோஸ் 95-இன் பழைய முகத்தையே 98-இல் பொருத்திக்கொண்டனர். அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் அந்நிறுவனத்தின்மீது 18-5-1998 அன்று வழக்குத் தொடுத்தன. 28-6-2001 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. நிறுவனத்தைப் பிளக்குமாறு கீழ்நீதிமன்றம் இட்ட ஆணையை அது நீக்கியது. ஆயினும், நீக்கும் பட்டியலிலிருந்து அந்நிரலை எடுத்ததும், இரண்டின் நிரல்வரிகளையும் பிரிக்க இயலாதவாறு கலந்ததும் தன் முற்றுரிமையைக் காக்கச் செய்த முறையற்ற செயல்கள் என்னும் முடிவினை நிலைநிறுத்தியது. நீக்கும் வழியை அடைத்தல் சிறு செய்தியன்று என்பது இதனால் விளங்கும்.

இங்கு ஒரு தடை எழுப்பலாம். "செய்தவர்க்குத் தெரியாததா பயன்படுத்துவோர்க்குத் தெரியும்? ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் குழப்பமே மிஞ்சும்" என்பர். இதில் உண்மை உண்டு. பந்தியில் பரிமாறுபவர் ஒவ்வொரு கறியையும் கேட்டுக் கேட்டா வைக்கிறார்? அறிந்தவர் அறியாதவர்க்காக நல்லதை முன்வைப்பது பரிவே. ஆனால், இலையில் வைத்ததை ஒதுக்கி வைக்கவும் உண்பவர்க்கு உரிமையுண்டு. அவ்வுரிமையும் பறிபோனால் பரிவு கட்டளையாக மாறிவிடுகிறது.

விண்டோஸ் 95-க்கான ஆதரவு 31-12-2001 அன்றே முடிந்துவிட்டது. எனினும் பழம்பொறிகளைப் பேணுவோர் இன்றும் உள்ளனர். அன்றைய வினா அவர்கள்முன் இன்றும் நிற்கிறது. முதலில் இருந்தவாறே வைத்தல்தான் பொறிக்குச் செய்யும் மரியாதை என்பார் ஒருசாரார். அக்காலத்திலேயே வந்த வசதியைச் சேர்ப்பதில் என்ன பிழை என்பார் மறுசாரார். காலத்தையும் கருதுதல் வேண்டும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-இல் இப்பகுதி இல்லை. அதனை முதலில் நிறுவிவிட்டு, பின்னர் மனம் மாறிப் புதிய முகம் வேண்டுமென்றால், 5-ஐ நீக்கி, 4-ஐ இப்பகுதியுடன் நிறுவி, மீண்டும் 5-க்கு வரல் வேண்டும். தெரிவு செய்யும் வேளையைத் தவறவிட்டால் வழி நீளும்.

நம் உறவினர் இல்லம் ஒன்றில் அத்தகைய பொறி ஒன்று உள்ளது. முதியவர் தம் கடைக் கணக்குகள் சிலவற்றை இன்றும் அதில்தான் திறந்து பார்ப்பார். பெயரன் ஆர்வத்துடன் புதிய முகத்தைச் சேர்த்து, ஒருமுறை தட்டினால் திறக்கும் வகையையும் அமைத்தான். இருமுறை தட்டிப் பழகிய முதியவரின் விரலுக்கு, எதனைத் தொட்டாலும் ஏதோ ஒன்று திறந்துகொள்ளலாயிற்று. "என் வீட்டிலேயே எனக்கு வழி தெரியவில்லையப்பா" என்றார். பையன் தீங்கு நினைத்தவனல்லன். தாத்தாவை ஒரு சொல் கேட்கவில்லை, அவ்வளவே. நீக்கும் வழி இருந்தமையால் அன்று மாலையே பழைய நிலை திரும்பியது. அப்பொறியைப் பயன்படுத்துபவர் எவரோ, அவரே விடைகூறல் முறை. வரலாறு காட்டவோ கற்கவோ பெயரன் தனக்கென ஒரு பொறியை வைத்திருப்பானாயின், அதில் அப்பகுதியைச் சேர்ப்பதும் தக்கதே.

இன்று நம் கைப்பேசிகளும் நாள்தோறும் எதையேனும் ஏற்குமாறு வேண்டுகின்றன. சிலவற்றை ஏற்றேயாதல் வேண்டும்; பாதுகாப்புக்கான திருத்தங்களை மறுப்பது அறிவுடைமையன்று. தோற்றத்தையும் வசதியையும் மட்டும் மாற்றுபவை வேறு. அவற்றுக்கு உடன்படுமுன், இதனால் எனக்கு ஆவதென்ன, இதன் சுமை எவ்வளவு, பிறகு நீக்க இயலுமா என்று எண்ணிப் பார்ப்போம். இல்லத்து முதியோரின் கருவியாயின் அவர்களைக் கேட்போம். கேட்ட பின்னர் அவர்கள் வேண்டாம் என்றால், அவ்விடையையும் ஒரு விடையாகவே மதிப்போம்.