மதுரையில் கேட்ட ஒரு கேள்வி

விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்கு ஏதேனும் ஒரு பெருநகரைக் காட்டிவர வேண்டும் என்பது இக்காலத்தில் எல்லாக் குடும்பங்களிலும் வழக்கமாகிவிட்டது. நம் சமூகத்துக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. 2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள், அரையாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நாங்கள் ஐவர் மதுரைக்குச் சென்று இரண்டு நாள் தங்கி வந்தோம். எம் தாயாரும் எங்கள் மக்கள் இருவரும் உடன் வந்தனர். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு. இளையவன் ஐந்தாம் வகுப்பு. பயண வருணனை எழுதுவது எம் நோக்கமன்று. அங்கே இளையவன் கேட்ட கேள்வி ஒன்றுக்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. பெற்றோராயுள்ள அன்பர்கள் ஒவ்வொருவரும் ஒருநாள் அக்கேள்வியை எதிர்கொள்ள நேரும் என்பதால் இதனை எழுதத் துணிந்தோம்.

விழுப்புரத்தில் வைகை விரைவு வண்டி ஏறினோம். விருத்தாசலம் தாண்டியதும், பொழுது சாயுமுன்னரே கட்டுச்சோற்றை உண்டு முடித்தோம். மதுரையில் இறங்கியபோது நன்றாக இரவாகிவிட்டது. இரவில் உண்பதற்கென்றே பெயர்பெற்ற நகரம் அது! தெருவெங்கும் தோசைக்கல்லின் ஓசையும் புரோட்டாவின் மணமும். பிள்ளைகள் எம் முகத்தைப் பார்த்தனர். நாங்கள் தாயாரின் முகத்தைப் பார்த்தோம். அவர் எங்கும் பாராது நடந்தார். அவ்வளவில் அது முடிந்தது. மறுநாள் பகலில் ஜிகர்தண்டா வாங்கித் தந்து ஈடுசெய்தோம். அதில் இடும் கடற்பாசி கொள்ளத் தக்கதா என்று தாயார் ஐயுற்று, தமக்கு வேண்டாம் என்றார். பட்டுக் கடைகளைக் கடந்து சென்று சுங்குடிப் பருத்திச் சேலை ஒன்று எடுத்துக்கொண்டார். புழுவைக் கொதிநீரில் இட்டு எடுத்த நூலை உடுத்த மாட்டேன் என்பது அவர் இளமை முதல் கொண்ட விரதம்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குச் செல்லலாமா என்னும் வினா ஊரிலேயே எழுந்தது. தேவமூடம் பற்றி நம் அருங்கலச்செப்பு முதலிய நூல்கள் உரைப்பதை அறிந்தோர் தயங்குவது இயல்பே. கல்லில் வடித்த கலையைக் காண்பது வேறு, வரம் வேண்டி வணங்குவது வேறு என்று எமக்குத் தோன்றியது. தாயாரும் அவ்வாறே இசைந்து வந்து, தூண்களையும் பொற்றாமரைக் குளத்தையும் கண்டு வியந்தார். இதில் கருத்து வேறுபடுவோர் இருக்கலாம். நாங்கள் வாதிட விரும்பவில்லை.

கோயிலுக்கு வெளியே தெருவோரக் கடையில் மூத்தவள் திருவிளையாடற் கதைகளைச் சுருக்கிக் கூறும் சிறு நூல் ஒன்றை வாங்கினாள். அதன்பின் எங்களை அழைத்துச் சென்ற ஆட்டோ ஓட்டுநர் மிக நல்ல மனிதர். தாயாரின் கைப்பையைத் தாமே சுமந்தார். பேசிய கூலிக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்க மறுத்தார். போகும் வழியில் வடகிழக்கே கை காட்டி, "அந்தா தெரியுது பாருங்க சார், அதுதான் யானைமலை. சமணர்கள் மதுரையை அழிக்க ஏவிவிட்ட யானை. சொக்கநாதர் அம்பு எய்து கல்லாக்கிட்டார். அந்தப் பக்கம் நாகமலை, அவங்க விட்ட பாம்பு. இது பசுமலை, அவங்க விட்ட மாயப்பசு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். குரலில் வெறுப்புச் சிறிதும் இல்லை. பாட்டியிடம் கேட்ட கதையைப் பேரன் சொல்வது போலச் சொன்னார். மூத்தவள் நூலைப் புரட்டினாள். யானை எய்த படலம், நாகம் எய்த படலம், மாயப்பசுவை வதைத்த படலம் ஆகிய மூன்றும் இருந்தன. அறுபத்து மூன்றாவதாகச் சமணரைக் கழுவேற்றிய படலமும் இருந்தது. அதனை அவள் தம்பிக்குப் படித்துக் காட்டிவிட்டாள்.

அன்றிரவு விடுதியில் இளையவன் கேட்டான்: "அப்பா, சமணர் என்றால் நாம்தானே? நாம் கெட்டவர்களா?"

இக்கேள்விக்கு நம் பெற்றோர் பெரும்பாலும் மூன்று விதமாக விடை கூறக் கண்டிருக்கின்றோம். "அதெல்லாம் பழங்கதை, தூங்கு" என்று வாயடைப்போர் சிலர். "அவர்கள்தாம் கெட்டவர்கள், எண்ணாயிரம் பேரைக் கொன்றார்கள்" என்று கொதித்துரைப்போர் சிலர். "அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை" என்று அறுதியிட்டு முடிப்போர் சிலர். முதல் விடை பிள்ளையை ஏமாற்றுவது. இரண்டாவது விடை பத்து வயதுச் சிறுவனின் நெஞ்சில் குரோதம் என்னும் கஷாயத்தை நம் கையாலேயே ஊற்றுவது. மூன்றாவது விடையில் உண்மை பெரும்பங்கு உண்டு எனினும், அறிந்த அளவுக்கு மேல் அறிந்தது போலக் கூறுவதும் வாய்மைக்கு ஏற்றதன்று.

அறியக்கூடியது எவ்வளவு? திருஞானசம்பந்தர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு. எண்ணாயிரவர் கழுவேறிய கதையை விரித்துரைக்கும் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். இடைவெளி ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் போன்ற வரலாற்றாசிரியர் இதனை வரலாறாகக் கொள்ளவில்லை. அதனினும் பெரிய சான்று மதுரையைச் சுற்றிய மலைகளிலேயே உள்ளது. அங்குள்ள தீர்த்தங்கரர் திருமேனிகளுள் மிகப்பல 9, 10ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை. 7ஆம் நூற்றாண்டிலேயே மதுரைச் சமணர் அனைவரும் மாண்டிருப்பின், இரு நூற்றாண்டு கழித்து அவற்றைச் செய்வித்தோர் யாவர்? சித்தன்னவாசல் குகைக்கோயிலை 9ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தவர் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் என்று அங்குள்ள கல்வெட்டே பேசுகின்றது. சமயப் பூசல் இருந்தது, அரச ஆதரவு கைமாறியது, கடுஞ்சொற்கள் பாடப்பட்டன. இவற்றை மறுக்க இயலாது. கதை கூறும் பேரழிவுக்கு மட்டும் சான்று இல்லை.

இவ்வளவையும் மறுநாட் காலை கீழக்குயில்குடி செல்லும் வழியில் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தோம். மூத்தவள் ஏற்றுக்கொண்டாள். இளையவனோ, "நடக்காததை ஏன் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்?" என்றான். வரலாறு அவன் கேள்வியைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று.

கீழக்குயில்குடிச் சமணர் மலை நகருக்கு மேற்கே ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் ஐயனார் கோயிலும். தென்மேற்குச் சரிவிலுள்ள செட்டிப்புடவு என்னும் குகையருகே முக்குடைக் கீழ் அமர்ந்த மகாவீரர் திருவுருவம். ஊரார் அவ்வுருவைச் செட்டியார் என எண்ணியதால் இப்பெயர் வந்தது என்பர். அதன் அடியிலுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, குறண்டிப் பள்ளியைச் சார்ந்த குணசேன தேவரின் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் அத்திருமேனியைக் குயிற்குடி ஊரார் பெயரால் செய்வித்ததாகக் கூறுகின்றது. அன்பர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். துறவியார் தம் பெயரால் செய்விக்கவில்லை, அரசன் பெயராலும் செய்விக்கவில்லை. ஊரார் பெயரால் செய்வித்தார். அவ்வூர் இன்றும் அப்பெயரோடு அங்கேயே இருக்கின்றது. நாம் அங்கு இல்லை.

இன்னும் மேலே பேச்சிப்பள்ளத்தில் திருமேனிகள் எட்டு வரிசையாக உள்ளன. அவற்றுள் ஒன்று அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்தது. அச்சணந்தியார் பெயரை மதுரை மலைகள் பலவற்றிலும் காணலாம். மகன் துறவு பூண்டு மலைதோறும் அறம் வளர்க்க, தாய் ஒரு திருமேனி செய்வித்து அமைந்தார். எம் தாயார் அதன்முன் நெடுநேரம் அமர்ந்துவிட்டார். நாங்கள் படம் எடுப்பதில் முனைந்திருந்தோம். அப்போது ஆடு மேய்த்து வந்த மூதாட்டி ஒருவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் திருமேனிகளுக்கு முன் கும்பிட்டுச் சென்றார். எம் இளையவன் காலில் செருப்பு இருந்தது. அவன் குனிந்து பார்த்துக் கழற்றினான். நாங்களும் கழற்றினோம். வெட்கமாயிருந்தது என்பதை மறைப்பானேன்?

அங்கே பார்சுவநாதர் நாகத்தின் படத்தின் கீழ் நின்றருளும் திருவுருவைக் காட்டித் தாயார் பேரனுக்குக் கமடன் கதையைச் சொன்னார். பல பிறவிகளாகப் பகை தொடர்ந்தவன் கமடன். தவத்தில் நின்ற பகவான் மீது மழையையும் கல்லையும் பொழிந்தான். தரணேந்திரன் படம் விரித்துக் காத்தான். "கல்லெறிந்தவன் மேலும் குடை பிடித்தவன் மேலும் பகவானுக்கு ஒரே மனம்தான்" என்றார். இளையவன் விட்டபாடில்லை. "ஆயா, அப்படியானால் கமடன் கல்லெறிந்ததை நாம் மட்டும் ஏன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்?" என்றான். தாயார் சிரித்துவிட்டார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

எமக்கு நினைவு வந்தது நம் கரந்தையில் வழங்கும் அகளங்கர் கதை. காஞ்சியில் பௌத்தரோடு வாதிட்டு வென்ற ஆசாரியர் அவர். அவர் தம்பி நிஷ்களங்கரைப் பௌத்தர் கொன்றனர் என்று கூறி நாம் கண்ணீர் வடிக்கின்றோம். தோற்ற பௌத்தரைச் செக்கிலிட்டு ஆட்ட மன்னன் முற்பட்டான், அகளங்கர் தடுத்து இலங்கைக்கு அனுப்பச் செய்தார் என்று பெருமையோடு முடிக்கின்றோம். இதை இலங்கையிலிருந்து சுற்றுலா வந்த பௌத்தச் சிறுவன் ஒருவன் நம் வாயால் கேட்டானாயின், தன் தந்தையிடம் என்ன கேட்பான்? நாமும் அந்த ஆட்டோ ஓட்டுநரைப் போல வெறுப்பின்றித்தான் சொல்கின்றோம். கேட்பவனுக்கு அது தெரியுமா? அநேகாந்தத்தை மேடையில் முழங்குவது எளிது. நம் கதையைப் பிறன் செவியால் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது அரிது.

சேக்கிழாரையும் இக்கண்கொண்டு நோக்கலாம். கழுவேற்றத்தைச் சம்பந்தர் தடுக்காதது ஏன் என்பதற்கு அவர் காரணம் கூறிச் செல்கின்றார். தம்மளவில் பகையிலராயினும், அடியார் தங்கிய மடத்திற்குத் தீயிட்ட பிழை கருதி விலக்காதிருந்தார் என்பது அவர் கூற்று. காரணம் கூற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே நாம் கவனிக்கத் தக்கது. உள்ளத்தில் ஏதோ உறுத்தாமல் எவரும் சமாதானம் சொல்வதில்லை.

மதுரைக்கு வந்த குடும்பம் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது கோவலனும் கண்ணகியும் அன்றோ? வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் நம் சமயத்து அறத்தி. வயல்வழியே நடந்தால் நண்டும் நத்தையும் மிதிபட்டு வருந்துமே என்று அஞ்சிய அவரே, வழியில் இருவர் அவ்விருவரையும் இழித்துரைத்தபோது சினந்து, நரியாகுமாறு சபித்துவிடுகின்றார். நண்டுக்கு இரங்கிய நெஞ்சம் சொல் பொறுக்கவில்லை! அப்போது அச்சாபத்தை நீக்க வேண்டியவர் யார்? இழிவுரை கேட்ட கோவலனும் கண்ணகியுமே. கவுந்தியடிகள் அதனைப் பன்னிரண்டு திங்களுக்குக் குறைத்தார். இளங்கோவடிகள் துறவியின் சினத்தை மறைக்கவும் இல்லை, புகழவும் இல்லை. இழிக்கப்பட்டவரையே பரிந்து பேச வைத்தார். இக்காதையை நாம் பலமுறை படித்ததுண்டு. பிள்ளையின் கேள்விக்கு முன் நின்றபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

மற்றொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நாள் ஓட்டுநர் கதை சொல்லியபோது நாங்கள் சமணர் என்பதைச் சொல்லாமல் வாளா இருந்தோம். அவர் மனம் நோகக் கூடாது என்று கருதியதாக எமக்கு நாமே கூறிக்கொண்டோம். உண்மையில் அது கூச்சம். ஒருவகை மாயை என்றும் சொல்லலாம். மலையிலிருந்து இறங்கிய பிறகு அவரிடம் சொன்னோம். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "அப்படியா சார்! நீங்க இன்னும் இருக்கீங்களா?" என்றார். பிறகு தாயாரை நோக்கி, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எங்க பெரியவங்க சொன்னதைச் சொன்னேன்" என்றார். தாயார், "எங்கள் பெரியவர்களும் பலதும் சொல்லியிருக்கிறார்கள், தம்பி" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

பிற்பகல் அவரே எங்களை அரிட்டாபட்டிக்கு அழைத்துச் சென்றார். குன்றில் அச்சணந்தியார் பெயரோடு கூடிய தீர்த்தங்கரர் உருவமும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த முனிவர் குகையும் உள்ளன. அவ்வூரிலேயே பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயிலும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.215 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. 2024 நவம்பரில் அவ்வட்டாரத்தை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது முதல் மேலூர் வட்டாரமே கொதித்தெழுந்திருந்தது. நாங்கள் சென்றபோதும் ஊரெங்கும் அதே பேச்சு. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. உழவரும் ஆடு மேய்ப்போரும் தம் வயலுக்காகவும் சுனைக்காகவும் போராடினர். அப்போராட்டத்தில் நம் திருமேனிகளும் காப்பாற்றப்பட்டன. முன்னர் 2010இலும் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்தை ஒத்தக்கடை, நரசிங்கம் மக்களே எதிர்த்து நிறுத்தினர். சமணர் ஏவிய யானை என்று கதை சொல்லும் அதே மக்கள்! நம் சமூகத்திலிருந்து அப்போது அங்கே சென்றோர் எத்தனை பேர் என்று எண்ண எமக்கு மனம் வரவில்லை.

இம்மலைகளுக்குச் செல்ல விரும்பும் அன்பர்கள் காலையிலேயே ஏறத் தொடங்குதல் நலம். வெயில் ஏறினால் பாறை சுடும். முதியோர் செட்டிப்புடவு வரை மெல்ல ஏறலாம். பேச்சிப்பள்ளம் சற்றுக் கடினம். வடிகட்டிய நீரை உடன் கொண்டு செல்க.

திரும்பும் வண்டியில் இளையவன் உறங்கிவிட்டான். நாம் கெட்டவர்களா என்ற கேள்விக்கு "இல்லை" என்று அவனுக்குச் சொல்லியிருக்கின்றோம். "அவர்கள் கெட்டவர்களா?" என்று அவன் கேட்கவில்லை, ஓட்டுநரின் தொலைபேசி எண்ணை மட்டும் தன் கணக்கு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான். மூத்தவளோ அகளங்கர் கதையில் செக்கு எப்படி வந்தது என்று கரந்தையிலுள்ள பெரியவர்களைக் கேட்க வேண்டும் என்கின்றாள். கோடை விடுமுறைக்கு அங்கே அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கின்றோம்.