ஏவியவன் யார்?

சிறிய கேள்விதானே என்று எண்ணி நாம் பதில் சொல்லி அனுப்பிவிடும் சில கேள்விகள், பிறகு நம்மையே திருப்பிக் கேட்கத் தொடங்கிவிடுகின்றன. அப்படியொரு கேள்வி சென்ற ஆண்டு நம்மிடம் வந்தது.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த பூமியில் ஒரு சிற்றூர். அவ்வூரைச் சேர்ந்த வாலிபர் ஒருவர், ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின் தயக்கத்துடன் நம்மிடம் வந்தார்.

"ஹஜ்ரத், எங்களிடம் இரண்டு நாய்கள் இருக்கின்றன. ஒன்று குட்டையான நாட்டு நாய். கருவைக்குள் நுழைந்து முயலைக் கிளப்பிவிடும். மற்றொன்று சிப்பிப்பாறை. வெளியே வருகிற முயலை விரட்டிப் பிடிக்கும். கிளப்பியது ஒன்று, பிடித்தது ஒன்று. அந்த முயலைச் சாப்பிடலாமா? பிஸ்மி எந்த நாய்க்குச் சொல்ல வேண்டும்?"

கேள்வி நேர்த்தியாக இருந்தது. கிதாபுகளில் நாம் ஓதிய பாடமும் நினைவில் பசுமையாக இருந்தது. எனவே உற்சாகத்தோடு பதில் சொன்னோம். அந்தப் பதிலில் பிழை எதுவும் இல்லை. ஆயினும் அது போதுமான பதில் அல்ல என்பதைச் சில நாட்கள் கழித்தே உணர்ந்தோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

இரு வகை நாய்கள்

இந்தப் பக்கத்துக் கண்மாய்களையும் தரிசுகளையும் அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மழை தவறிய ஆண்டுகளில் விதைப்பு நின்ற நிலமெல்லாம் சீமைக் கருவேலம் மூடிக் கிடக்கிறது. ஆள் நுழைய முடியாத முள். அதுவே காட்டுமுயலுக்குக் கோட்டை. நம் நாட்டுக் காட்டுமுயல் வளை தோண்டி வாழும் பிராணி அல்ல. பகலில் புல்லிலோ புதரடியிலோ ஒரு சிறு பள்ளத்தில் உடலை ஒடுக்கிக்கொண்டு படுத்திருக்கும். அந்தி சாய்ந்த பிறகே மேய வரும். காலடி மிக அருகில் வரும்வரை அசையாது.

இங்கேதான் இரு நாய்களின் வேலையும் பிரிகிறது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற இனங்கள் நீண்ட கால்களும் ஒடுங்கிய வயிறும் மெல்லிய தோலும் கொண்டவை. அவை கண்ணால் கண்டு ஓடும் நாய்கள். வெட்டவெளியில் அவற்றுக்கு ஈடில்லை. முள்ளுக்குள் விட்டாலோ தோல் கிழிந்து திரும்பும்; கண்ணுக்குத் தெரியாத முயலை அவற்றால் துரத்தவும் இயலாது. குட்டை நாய்க்கு அந்த வேகம் கிடையாது. அதற்கு மோப்பமும் பொறுமையும் உண்டு. முள்ளுக்கு அடியில் ஊர்ந்து, மூக்கால் தேடி, முயல் படுத்திருக்கும் இடத்திற்கே போய்க் குரைக்கும். முயல் வெளியே பாயும். அங்கே மற்றது காத்து நிற்கும். முதல் நாய் மட்டும் இருந்தால் முயல் தப்பிவிடும். இரண்டாவது மட்டும் இருந்தால் முயல் எழும்பவே எழும்பாது.

இந்த வேலைப் பங்கீடு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயரின் நரி வேட்டையிலும் இதுவே முறை. கூட்டமாக ஓடித் துரத்துவது ஹவுண்ட் இனம். நரி வளைக்குள் புகுந்துவிட்டால் உள்ளே இறங்கி அதை வெளியேற்றுவது டெரியர் என்ற சிறிய இனம். மண் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்தே டெரியர் என்ற பெயர் பிறந்தது. எந்த இனம் உயர்ந்தது என்ற விவாதம் அங்கும் உண்டு; நம் டீக்கடை பெஞ்சுகளிலும் உண்டு. இரண்டையும் ஒப்பிடுபவர்கள் வேகத்தையும் மோப்பத்தையும் துணிவையும் எடை போடுகிறார்கள். நம் ஷரீஅத்தோ முதலில் வேறொன்றைக் கேட்கிறது.

மார்க்கம் கேட்பது என்ன?

அல்மாயிதா அத்தியாயத்தின் நான்காம் வசனத்தில், பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் நமக்காகப் பிடித்துத் தருவதை அல்லாஹ் ஆகுமாக்கியிருக்கிறான். அவன் பெயரைக் கூறும்படியும் பணித்திருக்கிறான். தய்யி கோத்திரத்தைச் சேர்ந்த அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் இது பற்றி வினவிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அதன் சாரம் இது: பயிற்சி பெற்ற நாயை இறைவன் பெயர் சொல்லி ஏவியிருந்தால், அது பிடித்ததை உண்ணலாம். அந்த நாய் இரையில் வாய் வைத்துத் தின்றிருந்தால் உண்ணக்கூடாது. அது தனக்காகவே பிடித்திருக்கக் கூடும். நம் நாயோடு வேறொரு நாயும் சேர்ந்திருந்தால் உண்ணக்கூடாது. நாம் பெயர் சொன்னது நம் நாய்க்கு மட்டுமே.

இவற்றை வைத்து ஃபுகஹாக்கள் நுட்பமாகச் சட்டம் வகுத்தார்கள். ஏவினால் போக வேண்டும், தடுத்தால் நிற்க வேண்டும், பிடித்ததைத் தின்னக்கூடாது. இது பழக்கமாகப் பதியும் அளவுக்குப் பலமுறை நிகழ்ந்திருக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூயூசுப் (ரஹ்), இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும் மூன்று முறை தின்னாமல் விடுவதை அளவாகக் கொண்டார்கள். வேண்டுமென்றே பிஸ்மியை விட்டால் ஹனஃபி மத்ஹபில் அந்த இரை ஆகாது. மறதிக்கு மன்னிப்பு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பிஸ்மி சுன்னத்து. ஆனால் நாய் கடித்த இடத்தை மண் கலந்த நீர் உட்பட ஏழு முறை கழுவ வேண்டும். அதை வெட்டி எறிய வேண்டியதில்லை என்பதே அம்மத்ஹபின் சரியான சொல்.

ஆகவே அந்த வாலிபருக்கு நாம் சொன்னது இதுதான்: "தம்பி, முயல் உயிரோடு கைக்கு வந்து, நீங்கள் பிஸ்மி சொல்லி முறைப்படி அறுத்துவிட்டால் எந்த நாய் பிடித்தாலும் ஹலால்தான். கைக்கு வருமுன்பே இறந்துவிட்டால், கொன்ற நாய் எது என்று பார்க்க வேண்டும். குட்டை நாய் கிளப்ப மட்டும் செய்தால் அதன் பயிற்சி பற்றிய பேச்சில்லை. முயலைப் பிடித்துக் கொன்ற நாய் பயின்றதாகவும், உங்களால் ஏவப்பட்டதாகவும் இருக்க வேண்டும். தானாக ஓடிப் போய்க் கொன்றிருந்தால் ஆகாது. தெருநாய் ஒன்று கூடச் சேர்ந்து கொன்றிருந்தாலும் ஆகாது."

அவர் மகிழ்ச்சியோடு ஸலாம் சொல்லிப் போனார். நமக்கும் திருப்திதான்.

வீட்டுக்கு வந்த பாத்திரம்

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை வீட்டுக்கு வந்தபோது அடுக்களையில் மூடி போட்ட ஒரு பாத்திரம் இருந்தது. "உங்களிடம் மஸ்அலா கேட்ட தம்பி கொடுத்துவிட்டார். முயல் கறியாம். ஹஜ்ரத் ஹலால் என்று சொல்லிவிட்டார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இப்போது நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து ராத்திரியில் லைட்டு அடித்துக்கொண்டு போகிறார்களாம்" என்றார்கள் நம் வீட்டார்.

அந்தப் பாத்திரத்தைத் திறக்க நமக்குக் கை வரவில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் காட்டுமுயல் இருக்கிறது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, உணவுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ அதை வேட்டையாட எவருக்கும் வழியில்லை. மீறினால் தண்டனை உண்டு. அச்சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில் கொல்வது மட்டும் இல்லை. பிடிப்பது, துரத்துவது, கண்ணி வைப்பது, கிளப்பி ஓட்டுவது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். அதாவது நம் வாலிபரின் இரண்டு நாய்களும் செய்த வேலை சட்டத்தின் பார்வையில் ஒன்றே.

நாயின் வேலையை வைத்துச் சட்டம் வேறுபடும் நாடுகளும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004இல் இயற்றப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டம், நாய்களைக் கொண்டு காட்டுப் பாலூட்டிகளை வேட்டையாடுவதைத் தடுத்தது. சில நிபந்தனைகளோடு, இரண்டு நாய்களுக்கு மிகாமல் பயன்படுத்திப் புதரிலிருந்து கிளப்பிச் சுட மட்டும் இடம் தந்தது. ஆனால் அங்கும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் மனிதன்தான். நாயைக் கொண்டு போய் எவரும் நிறுத்துவதில்லை.

இதையெல்லாம் நாம் அறியாதவரல்ல. அவர் கேட்டது மாமிசத்தைப் பற்றி. எனவே மாமிசத்துக்கு மட்டும் பதில் சொன்னோம். கேட்ட மனிதரைப் பற்றி நாம் நினைத்துப் பார்க்கவில்லை.

கிளப்பிவிட்டவனுக்குப் பங்கு உண்டா?

"நான் பிடிக்கவில்லை, கிளப்பி மட்டும் விட்டேன்" என்று சொல்லித் தப்ப முடியுமா? இதற்கு ஹுதைபிய்யா ஆண்டில் நிகழ்ந்த ஒரு சம்பவம் விடை தருகிறது. அபூ கத்தாதா (ரலி) அவர்கள் இஹ்ராம் அணியாமல் இருந்தார்கள்; உடன் சென்ற தோழர்கள் இஹ்ராமில் இருந்தார்கள். ஒரு காட்டுக் கழுதையைக் கண்டு அபூ கத்தாதா (ரலி) குதிரையில் ஏறினார்கள். சாட்டையை எடுத்துத் தரும்படி கேட்டபோது தோழர்கள் மறுத்துவிட்டார்கள். இறங்கி அவர்களே எடுத்துக்கொண்டு போய் வேட்டையாடினார்கள். பின்னர் இவ்விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, உங்களில் எவரேனும் அதைத் தாக்கச் சொன்னீர்களா, அல்லது அதைச் சுட்டிக் காட்டினீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்ற பின்பே உண்ண அனுமதித்தார்கள்.

சுட்டு விரலை நீட்டுவதும் விசாரணைக்குரியது என்றால், புதரைக் கலைத்து இரையை வெளியே விரட்டுபவன் எப்படித் தனியே ஒதுங்கி நிற்க முடியும்? நாய்க்கு மறுமையில் கேள்வி இல்லை. குட்டை நாயின் மோப்பமும் நெட்டை நாயின் ஓட்டமும் ஏவியவனின் ஏட்டில்தான் எழுதப்படுகின்றன. தானாக ஓடிய நாய் கொன்றது ஆகாது, ஏவப்பட்ட நாய் கொன்றது ஆகும் என்ற சட்டத்தின் உட்பொருளும் இதுவே. நாயின் செயல், ஏவியவனின் செயலாகக் கணக்கில் ஏறுகிறது.

அப்படியானால் மார்க்கத் தீர்ப்பு என்ற பெயரில் நாம் சொன்ன சொல் என்ன? நாலைந்து பிள்ளைகள் அதைக் கேட்டு இருட்டில் இறங்கினார்களே! ஏவியவர்களின் வரிசையில் நம் பெயரும் சேர்ந்துவிட்டதே என்ற அச்சம் நம்மைப் பிடித்துக்கொண்டது.

கைக்கு எட்டிய இரை

அன்று இஷாவுக்குப் பின் அந்த வாலிபரை வரவழைத்துப் பாத்திரத்தைத் திருப்பித் தந்தோம். அவர் முகம் வாடியது.

"அப்படியென்றால் அன்று ஹலால் என்று நீங்கள் சொன்னது தவறா ஹஜ்ரத்?"

"அறுக்கும் முறையைப் பற்றிச் சொன்னது சரி தம்பி. நீ வேட்டைக்குப் போகலாமா என்று நாம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது நம் தவறு" என்றோம்.

அவர் விடவில்லை. "அல்லாஹ் ஹலாலாக்கியதை அரசாங்கம் தடுத்தால் நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்?" என்றார். நியாயமான கேள்விதான். வேட்டை ஃபர்ளும் அல்ல, சுன்னத்தும் அல்ல. ஆகுமான ஒன்று, அவ்வளவே. ஆகுமான ஒன்றைப் பொதுநலன் கருதி நாட்டின் சட்டம் தடுக்கும்போது, அதைக் கைவிடுவதால் மார்க்கத்தில் எதுவும் குறைந்துவிடாது. வேட்டையைப் பற்றிப் பேசும் அதே அல்மாயிதா, ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் தொடங்குகிறது. இந்நாட்டின் குடிமக்களாக வாழும் நாம் அதன் சட்டத்துக்கு உடன்பட்டே வாழ்கிறோம். பசியால் துடிப்பவனின் நிலை வேறு. கடையில் கோழியும் ஆடும் கிடைக்கும் ஊரில் இரவு வேடிக்கைக்காக ஓர் உயிரை விரட்டுவது வேறு. வீணாகக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவி மறுமையில் முறையிடும் என்ற எச்சரிக்கை ஹதீஸ் நூல்களில் வந்திருக்கிறது. வேட்டையின் பின்னாலேயே திரிபவன் மறதியில் விழுவான் என்றும் வந்திருக்கிறது.

கடைசியாக அவருக்கு அதே அத்தியாயத்தின் தொண்ணூற்று நான்காம் வசனத்தின் கருத்தை எடுத்துச் சொன்னோம். இஹ்ராமில் இருந்தவர்களுக்கு, கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு அல்லாஹ் சோதனை வைத்தான். மறைவில் அவனை அஞ்சுபவர் யார் என்பது வெளிப்படுவதற்காக. கருவைக் காட்டுக்குள் இரவில் எந்தக் காவலரும் வரமாட்டார். முயல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. சோதனையும் அங்கேதான் இருக்கிறது.

சிறிது நேரம் மௌனமாக இருந்தவர், "நாய்களை என்ன செய்வது ஹஜ்ரத்?" என்றார். ஆடு காக்கவும் பயிர் காக்கவும் நாய் வளர்ப்பதை நபி (ஸல்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். அவருடைய அத்தாவுக்கு இருபது ஆடுகள் இருந்தன. "கிடைக்குக் காவலாக விடு. அவற்றுக்கு வேளைக்குச் சோறும் தண்ணீரும் வைக்க மறந்துவிடாதே" என்று சொல்லி அனுப்பினோம். அடுத்த ஜும்ஆவில் இந்த விஷயத்தையே பயானாக வைத்து, முன்பு சொன்ன பதிலின் குறையையும் ஜமாஅத்தார் முன்னிலையில் ஒப்புக்கொண்டோம்.

சிந்திக்க வேண்டிய இன்னொன்றும் இதில் உண்டு. பசித்திருக்கும் நாய், வாயில் சூடான இரையைக் கவ்விக்கொண்டும் தின்னாமல் எஜமானன் வரும்வரை நிற்கிறது. தடுத்தால் பாய்ச்சலை நிறுத்துகிறது. இந்தக் கட்டுப்பாடு இருந்தால்தான் அதைப் பயின்ற நாய் என்று ஃபிக்ஹு ஏற்றுக்கொள்கிறது. ஆறறிவு பெற்று, திருமறையும் பெற்ற நாம், நம் ரப்பு 'நில்' என்று சொன்ன இடத்தில் நிற்கிறோமா?

தடுத்த இடத்தில் நிற்கவும், பிறரை ஏவும் முன் சிந்திக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.