நான்கு விரல் இடைவெளி

எந்தக் காரையும் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். டயரின் மேல்விளிம்புக்கும் அதைக் கவிந்திருக்கும் தகட்டு வளைவுக்கும் நடுவே நான்கு விரல் தாராளமாக நுழையும். நம்மில் பெரும்பாலோர் கண்ணில் படாத இந்த இடம், கார் மேல் பித்துக்கொண்ட பிள்ளைகளைத் தூங்கவிடாது. வண்டி காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று குறைப்படுவார்கள். அதற்காகத்தான் ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள். கம்பெனி கொடுத்த காயில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, உயரம் குறைந்ததும் விறைப்பு கூடியதுமான வேறொன்றைப் போட்டால், வண்டி மூன்று நான்கு சென்டிமீட்டர் இறங்கி உட்காரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

இதை வெட்டி ஆசை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒரு பொருள் தரையில் எப்படி நிற்க வேண்டும் என்று கவலைப்படுகிற கண், பொருளை மதிக்கிற கண். அந்த ஆசைக்குப் பின்னால் கணக்கும் உண்டு. வளைவில் திரும்பும்போது வண்டியின் பாரம் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பதை ஈர்ப்பு மையத்தின் உயரம் தீர்மானிக்கிறது. சிறிய கார் ஒன்றில் அது தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் அளவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், மூன்று சென்டிமீட்டர் இறக்கும்போது பாரம் மாறுவது ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது. விறைப்பான ஸ்பிரிங் வண்டி சாய்வதையும் குறைக்கும். ஓட்டுபவர் ஸ்டீரிங்கிலேயே இதை உணர்வார்.

என் அக்கா மகன் தன்னுடைய பழைய ஸ்விஃப்டுக்கு இந்த வேலையைக் கோவையில் வீட்டு போர்டிகோவிலேயே செய்தான். துணைக்கு எங்கள் தெருவில் இருக்கும், ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர் வந்திருந்தார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற ஆள். பின்பக்கம் சுலபம். அந்த வண்டியில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு உத்திரம் சேர்த்துப் பிடித்திருக்கிறது. இரு பக்கமும் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி உத்திரத்தை மெல்ல இறக்கினால், ஸ்பிரிங் கையோடு வந்துவிடும்.

முன்பக்கம் அப்படியல்ல. அங்கே ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே தூணாக நிற்கின்றன. ஃபோர்டு நிறுவனத்தில் இருந்த ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற பொறியாளரின் பெயரால் வழங்கும் அமைப்பு இது. 1950ஆம் ஆண்டையொட்டி வந்த ஃபோர்டு கார்களில் தொடங்கி இன்று நம் தெருவில் நிற்கும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே முன்கால். அந்தத் தூணைக் கழற்றிச் சாக்கின் மேல் கிடத்தினால், ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கிய நிலையில்தான் இருக்கும். அதை வெடித்துக் கிளம்பாமல் பிடித்திருப்பது தண்டின் உச்சியில் உள்ள ஒரே ஒரு நட்டு. அந்த நட்டைத் தொடுவதற்கு முன், ஸ்பிரிங் கம்ப்ரெசர் என்னும் கொக்கிகளை எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். இம்மாதிரி ஸ்பிரிங்கை ஒரு சென்டிமீட்டர் அமுக்க 20 முதல் 25 கிலோ பாரம் வேண்டியிருக்கும். பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் அமுங்கிய ஸ்பிரிங்கில் 200 முதல் 300 கிலோ வரை விசை, குனிந்து வேலை செய்பவன் முகத்துக்கு ஓரடி தூரத்தில், சத்தமில்லாமல் காத்திருக்கிறது. கொக்கி வழுக்கினால் அது கையையோ தாடையையோ உடைத்துவிடும். ஃபிட்டர் அந்த நேரம் முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை, எங்களையும் பேசவிடவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு அவர் சொன்ன ஒன்றுதான் என்னை இதை எழுத வைத்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் உள்முனையில் ரப்பர் புஷ் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தச் சொன்னார்.

“ஏனுங்கய்யா, அத நாம கழட்டவே இல்லீங்களே?”

“கழட்டலீன்னாலும் அது பழைய ஒசரத்துலயே இருக்கும் கண்ணு. இப்பத் தளத்தி உடு. வண்டி தன் கால்ல நிக்கட்டும். அப்பறமா முறுக்கிக்கலாம்.”

விஷயம் இதுதான். அந்த ரப்பர் தன் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியது. போல்ட்டை முறுக்கியதும் குழாய் அசையாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு, மறுபடி பழைய நிலைக்கு வரும். முறுக்கியபோது வண்டி எந்த உயரத்தில் நின்றதோ, அதுதான் ரப்பருக்கு இளைப்பாறும் நிலை. வண்டியை இறக்கிவிட்டு இதை அப்படியே விட்டால், கார் சும்மா நிற்கும்போதுகூட அந்த ரப்பர் முறுகிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். ஆகவே சக்கரங்களுக்குக் கீழே தடித்த கட்டைகளைப் போட்டு, வண்டியின் முழுப் பாரத்தையும் சக்கரங்களின் மேல் இறக்கி, அதன் பிறகே முறுக்கினார்கள். நாம் தொடாத ஒன்றையும் நாம் மாற்றிவிட்டோம் என்பதை அந்தப் பையன் அன்றைக்குக் கையால் தெரிந்துகொண்டான்.

ரப்பர் மட்டுமல்ல. வண்டி இறங்கும்போது லோயர் ஆர்மின் சாய்வு மாறுகிறது. அதனால் வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாயுமோ, அந்தப் புள்ளியும் இறங்குகிறது. இந்த அமைப்பில் அது பெரும்பாலும் வண்டி இறங்கியதைவிட அதிகமாகவே இறங்கும். அதனால் ஓர் அளவுக்கு மேல் இறக்கினால், வண்டி குறைவாகச் சாய்வதற்குப் பதில் கூடுதலாகச் சாய முற்படும். விறைப்பான ஸ்பிரிங்தான் அதை மறைத்துக்கொண்டிருக்கும். சக்கரங்கள் மேல்பக்கம் உள்வாங்கும். ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறி முன்சக்கரங்களின் நேர்பார்வை கெடும். வீல் அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயரின் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டயர் புதிதாகவே தோன்றும். பழைய ஷாக் அப்சார்பர் விறைப்பு குறைந்த ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்டது. புதிய ஸ்பிரிங்கின் வேகத்தை அடக்க அது திணறும்.

முன் ஸ்பிரிங்குக்கும் பின் ஸ்பிரிங்குக்கும் உள்ள பொருத்தம் தனிக் கதை. மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். கணநேரம் கழித்துப் பின்சக்கரம். இரண்டும் ஒரே வேகத்தில் ஆடினால் வண்டி முன்னும் பின்னுமாகக் குலுங்கிக்கொண்டே போகும். பின்பக்கம் சற்று வேகமாக ஆடினால், தாமதமாகத் தொடங்கினாலும் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து, இரண்டும் சேர்ந்து அடங்கும். 1930களில் அமெரிக்காவில் காடிலாக் கார்களை வைத்து மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் கண்டு வகுத்தது இது. நல்ல ஸ்பிரிங் செட் தயாரிப்பவர்கள் இதை மனத்தில் வைத்தே நான்கையும் சேர்த்து வடிவமைக்கிறார்கள். கிரைண்டரை எடுத்து ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துத் தள்ளும் சில பட்டறைகளுக்கு இந்தக் கவலை இல்லை. ஆறு சுற்று உள்ளதை ஐந்தாக்கினால் விறைப்பு 20 சதவீதம் கூடும். வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. கேஸ் வைத்து அறுத்தால் அந்த இடத்தில் எஃகின் பதமே போய்விடும். அந்த வேலையை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

இப்போது அந்த நான்கு விரல் இடத்துக்கு வருவோம். பள்ளத்திலிருந்து ஏறும் சக்கரம் மேலே போக ஓர் இடம் வேண்டும். அதுதான் அது. வண்டியை இறக்கும்போது மேலே அந்த இடமும் குறைகிறது, கீழே வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியும் அதே அளவு குறைகிறது. 2005இல் இந்தியாவில் வந்த ஸ்விஃப்டுக்குத் தரையிலிருந்து 17 சென்டிமீட்டர் இடைவெளி. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் நான்கு சென்டிமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 13. வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். ஸ்விஃப்டின் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 2.39 மீட்டர்தான். அதாவது ஒழுங்காகக் கட்டிய வேகத்தடையில் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் மேட்டின் மேலேயே நிற்கும். வயிற்றுக்கடியில் அது பறித்துக்கொள்வது நான்கு சென்டிமீட்டர் மட்டுமே. மூன்றரை சென்டிமீட்டர் இறக்கிய வண்டிகூட நிம்மதியாகக் கடந்துவிடும்.

ஆனால் நம் தெருக்களில் வேகத்தடை அப்படியா இருக்கிறது? யாரோ ஒரு விபத்துக்குப் பிறகு, ஊர்க்காரர்கள் கேட்டு, ஒரே இரவில் கொட்டிய குறுகிய மேடு. முன்சக்கரம் இறங்கிய பிறகுதான் பின்சக்கரம் ஏறும். மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்கு நேரே வரும். அது 12 சென்டிமீட்டர் என்றால், கம்பெனி உயரத்தில் பாரத்தோடு போகும் வண்டி ஒரு சென்டிமீட்டரில் தப்பும். இறக்கிய வண்டி இரண்டரை சென்டிமீட்டர் இடிக்கும்.

அந்த ஒரு சென்டிமீட்டரை யோசித்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது. வண்டியை வடிவமைத்தவர் அந்தத் தெருவைப் பார்த்ததில்லை. அந்த மேட்டைக் கொட்டியவர், ஏதோ ஓர் இரவு மழையில் மேடு தெரியாமல் போவது, பின்னிருக்கையில் ஆறு மாதக் கர்ப்பிணி உட்கார்ந்திருப்பது, எதுவும் அவருக்குத் தெரியாது. தனக்குத் தெரியாதவை நிறைய உண்டு என்று மட்டும் அவருக்குத் தெரியும். அந்த அறிவைத்தான் அவர் நான்கு விரல் அகலத்தில் வெற்றிடமாக விட்டுவைத்தார்.

இப்படித்தான் சென்னையைச் சுற்றிலும் ஏரிகளை ஒட்டி நிலத்தைச் சும்மா போட்டு வைத்திருந்தார்கள் நம் முன்னோர். பல ஆண்டு அங்கே தண்ணீர் வராது, ஆடு மேயும். காலியிடம் என்று நினைத்து மனை போட்டோம். 2015 டிசம்பரில் தண்ணீர் தன் இடத்தைத் தேடி வந்தது. சும்மா இருப்பதாகத் தெரியும் இடங்களில் சில, நாம் இன்னும் காணாத ஒரு நாளுக்காக வேலை பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்த நாள் வரும்வரை அவை வீண் என்றே தோன்றும். அந்த இடத்தைச் செலவழிப்பவர் ஒருவர். அதன் குறையை முதுகெலும்பில் வாங்குபவர் பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்திருக்கும் வேறொருவர்.

அப்படியானால் வண்டியை இறக்கவே கூடாதா? கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இந்தியக் கார் பந்தயத்துக்கு வழியமைத்த கோவைக்காரர் கரிவர்தனின் பெயரால் அமைந்த தளம் அது. அங்கே ஓடும் பந்தயக் கார்கள் தரையை உரசுவதுபோலத் தாழ்ந்திருக்கும். அது அங்கே சரி. அந்தத் தளத்தின் வளைவும் மேடும் ஒவ்வொன்றும் ஓட்டுபவருக்குத் தெரியும். எதிரே மாடு வராது. பின்னிருக்கையில் அம்மா இல்லை. தெரியாதது எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு இடைவெளியை விட்டுக்கொடுக்கலாம். தினமும் ஒரே நல்ல சாலையில், பெரும்பாலும் தனியாகப் போகிறவர் மூன்று சென்டிமீட்டர் இறக்குவதில் நியாயம் உண்டு. குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிற வண்டிக்கு அது பொருந்தாது என்பது என் முடிவு. சட்டமும் இருக்கிறது: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு ஒவ்வாத மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்வது என்று முடிவெடுத்துவிட்டால், தம்பிகளே, தங்கைகளே, இவற்றை மட்டும் மறக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். கம்ப்ரெசரை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். முடித்த கையோடு அலைன்மென்ட் பாருங்கள். கழற்றிய நான்கு ஸ்பிரிங்கையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், முன், பின், இடது, வலது என்று எழுதிக் கட்டி, எண்ணெய் தடவிப் பரணில் வையுங்கள். நாளைக்கு வீட்டில் ஒரு குழந்தை பிறக்கலாம், வேலை வேறு ஊருக்கு மாறலாம். திரும்ப மாட்ட அரைநாள் போதும்.