கூட்டத்துக்கு வராத தாய்

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் காலை பத்து மணிக்கு என்று கடிதம் வருகிறது. அந்த நேரத்தில் தாய் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறாள். பாதியில் இறங்கினால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிக் கூலிதான். கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணிவிட்டு, "தோட்டத்துச் சனத்துக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறையில்லை" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். மாதச் சம்பளக்காரர் அரைநாள் லீவு போட்டு வருகிறார். அவர் சம்பளத்தில் ஒரு சதமும் குறைவதில்லை. ஒருவரின் அக்கறைக்குக் கூலியில் பாதி விலை, இன்னொருவரின் அக்கறைக்கு விலையே இல்லை. இரண்டையும் ஒரே வரவுப் பதிவேட்டில் அளப்பது நியாயமா?

இலங்கையின் மலையகத்தில், மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கலந்து களனி கங்கையாகும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பொல்பிட்டிய. 1969 முதல் அங்கே மின்நிலையம் இயங்குகிறது. தோட்டத் தொழிலாளர், அரச ஊழியர், கடைக்காரர், ஆசிரியர் என்று பல தரத்தாரும் அருகருகே வாழும் மலைச்சரிவு அது. இப்படிப்பட்ட ஊர்களில் வசதி சற்றுக் கூடிய வீட்டுப் பிள்ளைகள் விடிகாலையிலேயே வேன் ஏறி, கினிகத்தேனைக்கோ ஹட்டனுக்கோ பெரிய பாடசாலை தேடிப் போகிறார்கள். மிச்சப் பிள்ளைகள் பக்கத்துப் பாடசாலைக்கு நடக்கிறார்கள்.

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் நீண்ட கதை உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் பொறுப்பை 1907ஆம் ஆண்டின் சட்டம் தோட்ட உரிமையாளரிடம் ஒப்படைத்தது. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு. பெரும்பாலான இடங்களில் அவ்வளவுதான். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டை மாற்றியபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் ஓரத்திலேயே நின்றன. 1948இல் தோட்ட மக்களின் குடியுரிமையும் பறிபோனது. வாக்கு இல்லாதவனின் பாடசாலைக்காக எந்த அரசியல்வாதி வாய் திறப்பான்? அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். கூட்டத்தில் பேசத் தயங்கும் பாட்டியும், கடிதத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வாசிக்கச் சொல்லும் அம்மாவும் இந்த வரலாற்றிலிருந்து வந்தவர்கள்.

அரசு பொறுப்பேற்ற பிறகு தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வரிசை வீடுகளிலிருந்தே ஆசிரியர்கள் உருவானார்கள். அது பெரிய சாதனை. ஆனால் தான் படிப்பிக்கும் பாடசாலையில் தன் பிள்ளையைச் சேர்க்காத ஆசிரியர்களும் இன்று இருக்கிறார்கள். அவர்கள் செய்வது பிழையா? பிழையென்று சொல்ல மனம் வருவதில்லை. விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் கிடைக்காத வகுப்பில், சமத்துவத்தை நிரூபிப்பதற்காகச் சொந்தப் பிள்ளையை உட்காரவைக்கும்படி எந்தத் தகப்பனையும் கேட்க முடியாது. பிள்ளையின் பத்து வருடங்கள் திரும்பி வராதவை.

ஆனாலும் அந்தப் பிள்ளையோடு வேறொன்றும் வேனில் ஏறிவிடுகிறது. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹேர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கிறார். தரம் குறைந்த பாடசாலையைவிட்டு முதலில் போகிறவர்கள், தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறவர்கள். அங்கேயே இருந்திருந்தால் உரத்துக் கேள்வி கேட்டிருக்கக்கூடியவர்களும் அவர்களே. வலயக் கல்விப் பணிமனைக்கு மனு எழுதத் தெரிந்த கை, அதிகாரியின் முன் தயங்காத நாக்கு, யாரிடம் போனால் வேலை நடக்கும் என்ற அறிவு எல்லாம் ஒருசேரக் கிளம்பிவிடுகின்றன.

அப்படியானால் அவர்கள் தங்கிவிட்டால் போதுமா? இங்கேதான் கவனம் தேவை. வசதியுள்ள பெற்றோர் சங்கத்தில் அமர்ந்ததும் பாடசாலை அவர்களுடைய தேவைகளின் பக்கம் சாய்ந்துவிடலாம். புலமைப்பரிசில் வகுப்புக்கு மேலதிக நேரம், பரிசளிப்பு விழாவுக்கு மேடை, ஆளுக்கு இவ்வளவு என்று பணம். காசு கட்ட முடியாத தாய் சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு வருகிறாள். அவளுடைய உழைப்பு தேவைப்படுகிறது. அவளுடைய கருத்தை யாரும் கேட்பதில்லை. நகரத்துப் பாடசாலையில் தரம் ஒன்றுக்கு விண்ணப்பித்தாலும் அதே கதைதான். வதிவிடத்தை நிரூபிக்க உறுதிப் பத்திரத்துக்குப் புள்ளி உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒரே லயன் காம்பராவில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோரிடம் அந்தக் காகிதம் இல்லை.

கருத்துக் கேட்கப்படாத தாய்க்குச் சட்டத்தால் இடம் ஒதுக்க முடியும். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோருக்கு என்றும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள் என்றும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் அளவுக்கேற்ற இடம் என்றும் எழுதிவைத்திருக்கிறது. நாற்காலி கிடைத்தவுடன் பேச்சு வந்துவிடாது என்பது உண்மையே. ஆனால் நாற்காலியே இல்லாதவரிடம் "ஏன் பேசவில்லை" என்று கேட்பது கொடுமை.

நேரம் யாருடைய கையில் இருக்கிறதோ, முதல் கடமையும் அவர்களுடையது. பிள்ளையை ஹட்டனுக்கு அனுப்பும் ஆசிரியர் அனுப்பட்டும்; தான் சம்பளம் வாங்கும் பாடசாலைக்காகத் தன் பிள்ளைக்குப் பேசும் அதே குரலில் பேச வேண்டும். அவர் படித்து ஏறிவந்த படி அது. மேலே போனவர் பழைய மாணவராகச் சங்கத்தில் இருந்து மனு எழுதிக் கொடுக்கலாம். கூட்டத்தைக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகோ, ஞாயிறு பின்னேரமோ வைக்கலாம். பாடசாலைக்குத் தோட்டத்துப் பெற்றோர் ஏறிவரும்வரை காத்திராமல், லயத்துக் கோயில் வாசலுக்கு அதிபரே இறங்கிப் போகலாம்.

அங்கே மேடையையும் வாத்தியக் குழுவையும் பற்றிய பேச்சு முதலில் எழாது. இத்தனை வருடம் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு ஏன் இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை என்று ஒரு தாய் கேட்பாள். சங்கத்தின் கூட்டக் குறிப்பில் முதலாவதாக எழுதப்பட வேண்டியது அந்தக் கேள்விதான்.